கடலில் போடச் சொன்னார். கண்ணாடிப் பெட்டியில் நிறுத்தினார்கள்!

எடின்பரோ நகரில் ஒரு பாலம். அதன் மேல் தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு வாலிபர் வந்தார். குதிகாலைக்கூட உயர்த்தவில்லை. நின்றபடியே அந்த விளக்கில் தம் புகைக்குழாயைப் பற்ற வைத்துக்கொண்டார். காவற்காரர்கள் வெலவெலத்துப் போனார்கள்!

சார்லஸ் பர்னைப் பற்றி இப்படி ஒரு கதை உண்டு.

1761-ல் அயர்லாந்தில் பிறந்தவர் அவர். உயரம் 7 அடி 7 அங்குலம். 1782-ல் லண்டனுக்கு வந்தார். "எட்டடி மனிதர்" என்று விளம்பரம் செய்தார்கள். ஜனங்கள் காசு கொடுத்துப் பார்த்தார்கள். சுமார் 700 பவுன் சேர்ந்தது. அவ்வளவையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார், பாவம்! ஒரு நாள் திருட்டுப் போய்விட்டது. குடிப்பழக்கம் வேறு. உடம்பு நொறுங்கியது.

டாக்டரின் கண்

அதே ஊரில் ஜான் ஹண்டர் என்ற பெரிய டாக்டர் இருந்தார். எலும்பு எப்படி வளர்கிறது என்று ஆராய்ந்தவர். இளம் பன்றியின் கால் எலும்பில் இரண்டு ஈயக்குண்டுகளைப் பதித்து வைத்தார். எலும்பு நீண்டது, குண்டுகளுக்கு நடுவே இருந்த தூரம் மாறவில்லை. எலும்பு நுனியில்தான் நீள்கிறது என்று தெரிந்தது.

அவர் பார்வை பர்ன் மீது விழுந்தது. பர்னுக்கோ ஒரே பயம். தாம் இறந்தால் ஈயப் பெட்டியில் வைத்துக் கடலில் போட்டுவிடும்படி நண்பர்களைக் கேட்டுக்கொண்டார்.

1783 ஜூன் 1-ந் தேதி இறந்தார். வயது 22தான். பெட்டி கடலுக்குப் போனது. உடல் போகவில்லை! ஹண்டர் பணம் கொடுத்து அதை வாங்கிவிட்டார். 500 பவுன் என்று பேச்சு. பெரிய அண்டாவில் வேகவைத்து எலும்பைப் பிரித்தார். எலும்புக்கூடு பொருட்காட்சிசாலையில் நின்றது.

பட்டாணி அளவு சுரப்பி

1909-ல் ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க டாக்டர் வந்து, மண்டை ஓட்டைத் திறந்து பார்க்கச் செய்தார். மூளைக்கு அடியில் பிட்யூட்டரி சுரப்பி இருக்கும் குழி பெரிதாகியிருந்தது. அங்கே கட்டி இருந்திருக்கிறது.

பட்டாணி அளவுள்ள அந்தச் சுரப்பி வளர்ச்சி நீரைச் சுரக்கிறது. அது ஈரலுக்குப் போய், ஐ.ஜி.எப்.-1 என்ற புரதத்தை உண்டாக்கச் செய்கிறது. இதை வளர்ச்சிக் காரணி என்பார்கள். எலும்பு நுனியில் உள்ள குருத்தெலும்பைப் பெருக வைப்பது இதுதான். கொத்தனாரைப் போல எலும்பைக் கட்டும் செல்களையும் இதுவே வேலை வாங்குகிறது. வாலிபம் வந்ததும் குருத்தெலும்பு மூடிக்கொள்ளும்; உயரம் நிற்கும். சிறு வயதிலேயே கட்டி வந்தால் சுரப்பு மிதமிஞ்சிவிடும். எலும்பு நீண்டுகொண்டே போகும்.

2011-ல் பர்னின் பல்லிலிருந்து மரபணுவை எடுத்துச் சோதித்தார்கள். ஏ.ஐ.பி. என்ற மரபணுவில் கோளாறு! வட அயர்லாந்தில் வாழும் நான்கு குடும்பங்களிலும் அதே கோளாறு இருந்தது. சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே மூதாதையிடமிருந்து அது வந்திருக்கிறது. இதனால் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளை முன்கூட்டியே சோதித்து வைத்தியம் செய்ய முடிகிறது. பர்னின் எலும்பு செய்த உதவி இது. ஆனால் அவர் சம்மதத்தை யாரும் கேட்கவில்லையே!

2023-ல் அந்தப் பொருட்காட்சிசாலையைப் புதுப்பித்துத் திறந்தார்கள். எலும்புக்கூட்டைக் காட்சிக்கு வைக்கவில்லை. ஆராய்ச்சிக்கு வேண்டும் என்று உள்ளே வைத்துக்கொண்டார்கள். கடலுக்கு அனுப்பவில்லை.