விரல்களால் கேட்டவர்

கருவிலிருக்கும் குழந்தை சுவாசப்பையால் மூச்சு விடுவதில்லை. ஆகவே பெருநாடிக்கும் சுவாசப்பை நாடிக்கும் இடையே ஒரு சிறு குழாய் இருக்கும். இரத்தம் அதன் வழியே போய்விடும். பிறந்து சில நாட்களில் அது தானாகவே மூடிக்கொள்ளும். மூடாவிட்டால் அது குறைபாடு என்றுதான் உயிரியல் வகுப்பில் குறித்துக்கொண்டேன். அந்தக் குறைபாடே சில குழந்தைகளை உயிரோடு வைத்திருக்கிறது என்று கண்டுகொண்டவர் வைத்தியர் ஹெலன் டௌசிக்.

1898இல் அமெரிக்காவில் பிறந்தார். 11 வயதில் தாயைக் காசநோய் கொண்டுபோனது. எழுத்துக்கள் குழம்பித் தெரியும் டிஸ்லெக்சியா வேறு இருந்தது. ஹாவர்ட் பேராசிரியரான தந்தை பக்கத்தில் இருந்து பொறுமையாக வாசிக்கப் பழக்கினார். ஆனால் அதே ஹாவர்ட், மருத்துவம் கற்க வந்த மகளிடம், வகுப்புக்கு வரலாம், பட்டம் மட்டும் தரமாட்டோம் என்றது. பட்டம் தராத படிப்பை யார் படிப்பார்? அவர் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் சென்று 1927இல் வைத்தியரானார். 1930இல் அங்கு சிறுவர் இதய சிகிச்சைப் பிரிவு அவர் பொறுப்பில் வந்தது.

அக்காலத்தில் அவருடைய செவிப்புலன் குறையத் தொடங்கியது. இதய வைத்தியருக்குக் காது கேட்காவிட்டால் என்ன செய்வது? அவர் குழந்தையின் நெஞ்சில் கைவைத்து, இதயத்தின் அதிர்வை விரல்களால் உணரப் பழகினார். எக்ஸ்ரே திரையின் முன் குழந்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எந்த அறை பெருத்திருக்கிறது, எந்தக் குழாய் ஒடுங்கியிருக்கிறது என்று கண்டறிந்தார்.

அவரிடம் வந்தவர்களில் உதடும் நகமும் நீலம் பாய்ந்த குழந்தைகள் இருந்தார்கள். நாலடி நடந்தால் மூச்சு வாங்கிக் குந்திவிடுவார்கள். சுவாசப்பைக்குப் போகும் வழி ஒடுங்கியிருப்பதால் போதிய இரத்தம் அங்கே போய் ஒட்சிசன் பெறுவதில்லை. அந்தச் சிறு குழாய் திறந்திருக்கும்வரை ஓரளவு தாங்குகிறார்கள், மூடியதும் நீலம் கூடுகிறது என்பதை அவர் கவனித்தார். எங்கள் வாவியின் முகத்துவாரத்தை மணல் அடைத்தால் மழைக்காலத்தில் வெட்டித் திறப்பார்களே, அப்படி ஒரு வழியைச் செயற்கையாகத் திறந்தால் என்ன என்று எண்ணினார்.

1938இல் அக்குழாயை முதன்முதலாக வெற்றிகரமாகக் கட்டி மூடிய பொஸ்டன் நிபுணர் ரொபட் குரொஸிடம் கேட்டார். மூடுபவரிடம் போய்த் திறக்கச் சொன்னால்? அவர் அக்கறை காட்டவில்லை. பின்னர் அல்பிரட் பிளலொக் இணங்கினார். அவருடைய ஆய்வுகூடத்தில் வேலை செய்த கறுப்பினத்தவரான விவியன் தோமஸ், நாய்களில் பலமுறை செய்து பார்த்து முறையை உருவாக்கினார். 1944 நவம்பர் 29இல் 15 மாதக் குழந்தை ஒன்றுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. கைக்குச் செல்லும் நாடியைத் திருப்பிச் சுவாசப்பை நாடியில் தைத்தார்கள். தோமஸ் பிளலொக்கின் பின்னால் நின்று வழிகாட்டினார். அக்குழந்தை தேறியது, ஆனால் சில மாதங்களில் இறந்துவிட்டது. மூன்றாவதாக வந்த ஆறு வயதுச் சிறுவனின் உதடுகள் சத்திரசிகிச்சை மேசையிலேயே இளஞ்சிவப்பாக மாறின.

அந்த முறைக்கு பிளலொக், டௌசிக் இருவரின் பெயரும் வைக்கப்பட்டது. தோமஸின் பெயர் அப்போது சேர்க்கப்படவில்லை. கதவு மூடப்பட்ட வலியை அறிந்த டௌசிக்கின் வரலாற்றில் எனக்கு உறுத்துவது இதுதான். தோமஸுக்குக் கௌரவப் பட்டம் கிடைக்க 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

டௌசிக் 1986இல் வாகன விபத்தில் காலமானார். 87 வயதிலும் பறவைகளின் இதயங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார்.