இன்ஜினைக் கழற்றிப் படித்தவர்!

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில், வாணியம்பாடியைத் தாண்டினால் வரும் ஊர் நாட்றம்பள்ளி. இரவு பகல் பாராமல் அந்தச் சாலையில் வண்டிகள் பறந்துகொண்டே இருக்கும். அந்த வழியாக ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டே இருக்கை, தரையை ஒட்டிய உடம்பு, பளபளக்கும் சிவப்பு வண்ணம்! பார்த்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிறார்கள்.

திடீரென்று டக்... டக்... டடக்! புகை மூட்டம். வண்டி நின்றுவிட்டது. சாவியைத் திருகினால் ஒரு அசைவும் இல்லை. இன்ஜின் இறுகிப் பிடித்துக்கொண்டது!

இப்போது என்ன செய்வது? புது இன்ஜின் வாங்கலாம் என்றால், அந்தக் காரைச் செய்த கம்பெனியே இன்று இல்லாமல் போயிருக்கலாம். உதிரி பாகம் எந்தக் கடையிலும் கிடைக்காது. ஒரே வழிதான் உண்டு. இன்ஜினை முழுவதுமாகக் கழற்றி, எங்கே தவறு நடந்தது என்று கண்டுபிடித்து, கெட்டுப்போன பாகத்தை லேத் பட்டறையில் புதிதாகச் செய்து, மறுபடி பூட்ட வேண்டும்.

இது எளிதான வேலை இல்லை, குட்டீஸ்! ஆனால் நூறு ஆண்டுகளுக்கும் முன்பே, பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத ஒரு கிராமத்து இளைஞர் இப்படி ஒரு இன்ஜினைப் பிரித்துப் போட்டார். எந்தக் கல்லூரியிலும் படிக்காத பாடத்தை அதிலிருந்தே படித்தார். பிறகு தமிழகமே வியக்கும் மேதை ஆனார். அவர்தான் ஜி.டி.நாயுடு!

கலங்கல் கிராமத்துக் குறும்பன்

கோவைக்கு அருகே உள்ள சிற்றூர் கலங்கல். அங்கே 1893ம் ஆண்டு மார்ச் 23ம் தேதி பிறந்தார் துரைசாமி. அப்பா கோபால்சாமி நாயுடு, ஒரு விவசாயி. கோபால்சாமி துரைசாமி நாயுடு என்பதைத்தான் சுருக்கி ஜி.டி.நாயுடு என்றார்கள்.

சின்ன வயதிலேயே அம்மாவை இழந்தவர் துரைசாமி. பள்ளிக்கூடம் என்றாலே அவருக்குக் கசப்பு. ஒரே இடத்தில் உட்கார்ந்து மனப்பாடம் செய்ய அவரால் முடியவில்லை. சில வகுப்புகளோடு படிப்பு நின்றது. தோட்ட வேலைக்கு அனுப்பினார்கள். ஆனால், படிப்பு பிடிக்காத பையனுக்குப் புத்தகம் பிடித்திருந்தது. கிடைத்ததை எல்லாம் தானாகவே படித்துப் பார்த்தார்.

வழியில் நின்ற வண்டி

அந்த நாளில் மாட்டு வண்டிதான் ஊருக்குள் வரும் பெரிய வாகனம். ஒருநாள், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. வண்டி தானாக ஓடுகிறது! துரைசாமி வாய் பிளந்து நின்றார்.

அந்த வண்டி வழியில் பழுதாகி நின்றுவிட்டதாகவும், துடைப்பதற்குத் துணியும் மண்ணெண்ணெயும் கொண்டுவந்து கொடுத்து, அதிகாரி அதைச் சரிசெய்வதைத் துரைசாமி பக்கத்திலிருந்து கண்கொட்டாமல் பார்த்ததாகவும் சொல்வார்கள். வண்டி புறப்பட்டுப் போய்விட்டது. அந்தச் சத்தம் மட்டும் துரைசாமியின் மனசை விட்டுப் போகவில்லை. எப்படியாவது அப்படி ஒரு வண்டியை வாங்க வேண்டும்!

காசுக்கு எங்கே போவது? கோவைக்குப் போனார். ஓர் உணவு விடுதியில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். இலை போட்டார், பரிமாறினார், மேசை துடைத்தார். கிடைத்த சம்பளத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்தார். கையில் பணம் சேர்ந்ததும், அந்த அதிகாரியைத் தேடிப் போய் 300 ரூபாய்க்கு அந்த மோட்டார் சைக்கிளை வாங்கினார் என்பார்கள். அக்காலத்தில் அது மிகப் பெரிய தொகை.

அது இங்கிலாந்தின் ரட்ஜ் கம்பெனி செய்த வண்டி. 1912ம் ஆண்டு மாடல். ரட்ஜ் லேசுப்பட்ட பெயர் இல்லை. 1914ம் ஆண்டு ஐல் ஆஃப் மேன் தீவில் நடந்த புகழ்பெற்ற மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் முதல் பரிசு பெற்றது ரட்ஜ் வண்டிதான். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் ரட்ஜ் மோட்டார் சைக்கிள் தயாரிப்பு நின்றுபோனது. அதனால், பழைய ரட்ஜ் வண்டிகளை இன்று உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

ஓட்டவா, கழற்றவா?

புது வண்டி கைக்கு வந்தால் நாம் என்ன செய்வோம்? ஊரெல்லாம் சுற்றிக் காட்டுவோம். துரைசாமி என்ன செய்தார் தெரியுமா? நட்டு, போல்ட் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பிரித்துப் போட்டுவிட்டார்! மூன்று வருட உழைப்பின் காசு அத்தனையும் துண்டு துண்டாகத் தரையில் கிடந்தது. மீண்டும் பூட்டத் தெரியாவிட்டால் எல்லாம் பழைய இரும்புக் கடைக்குத்தான்!

அவர் பிரித்த இன்ஜின் எப்படி வேலை செய்யும் என்று நாமும் கொஞ்சம் எட்டிப் பார்ப்போமா?

இன்ஜினுக்குள் சிலிண்டர் என்ற குழாய் இருக்கும். அதற்குள் மேலும் கீழும் ஓடுவது பிஸ்டன். அது நான்கு வேலைகளைத் திரும்பத் திரும்பச் செய்யும். முதலில் பெட்ரோல் ஆவியையும் காற்றையும் உள்ளே இழுக்கும். பிறகு அதை அழுத்தும். மூன்றாவதாக ஒரு மின்பொறி பறந்து அது குபீரென்று எரியும்; அந்த வேகம் பிஸ்டனைக் கீழே தள்ளும். நான்காவதாக, எரிந்த புகையை வெளியே துரத்தும். பிஸ்டனோடு சேர்ந்த தண்டு, கிராங்க் என்ற அச்சைச் சுழற்ற, அது சக்கரத்தைச் சுழற்றும்.

உலோகத்தோடு உலோகம் இப்படி உரசினால் சூடு பறக்குமே? அதற்குத்தான் ஆயில். ஆயில் குறைந்தால் பிஸ்டன் சூட்டில் விரிந்து, சிலிண்டர் சுவரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். சில நேரம் தண்டே முறிந்து இன்ஜினைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். நாட்றம்பள்ளி சாலையில் நாம் கற்பனையாக நிறுத்திய காருக்கு நேர்ந்ததும் இதுதான்!

துரைசாமி காலத்து மோட்டார் சைக்கிள்களில் இன்னொரு தொல்லை. ஆயில் தானாகப் போகாது. ஓட்டுகிறவர் அவ்வப்போது கையாலேயே ஒரு சிறு பம்பை அழுத்தி இன்ஜினுக்கு ஆயில் கொடுக்க வேண்டும். மறந்தால், போச்சு! பின் சக்கரத்தைச் சுழற்றப் பல வண்டிகளில் சங்கிலிக்குப் பதில் பெல்ட் இருந்தது. தோலாலும் செய்வார்கள், ரப்பராலும் செய்வார்கள். மழையில் நனைந்தால் வழுக்கும். ஆக, வண்டி ஓட்டுகிறவரே பாதி மெக்கானிக்காக இருந்தால்தான் வீடு போய்ச் சேர முடியும்.

இன்ஜினைப் பிரிக்கும்போது பொறுமைதான் முக்கியம். எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று நினைவு வைக்க வேண்டும். கடைசியில் கழற்றியதை முதலில் பூட்ட வேண்டும். ஒரு வாஷர் மிஞ்சினாலும் எங்கோ தவறு என்று பொருள். துரைசாமி பிரித்தார், பார்த்தார், பூட்டினார். வண்டி ஓடியது! ஒவ்வொரு பாகமும் எதற்காக இருக்கிறது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பிடிபடாத பாடம் அந்த ரட்ஜ் வண்டியில் பிடிபட்டது. மெக்கானிக் ஆனார் துரைசாமி.

ஒரு பஸ்சில் தொடங்கி...

நடுவில் பஞ்சு வியாபாரம் செய்தார். நன்றாகச் சம்பாதித்தார், பிறகு மும்பையில் பெரும் பணத்தை இழந்தார். கையில் மிஞ்சியது இயந்திர அறிவு ஒன்றுதான்.

அப்போது கோவையில் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபர் இருந்தார். அவருடைய உதவியோடு 1920ல் நாயுடு ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதை ஓட்டினார். டிரைவரும் அவரே!

ஒரே ஒரு பஸ் வைத்திருப்பவருக்கு இன்ஜின் பழுது என்றால் என்ன அர்த்தம், யோசித்துப் பாருங்கள். அன்றைய வருமானம் போச்சு. பயணிகள் நடுவழியில் நிற்பார்கள். உதிரி பாகம் கப்பலில் வர வேண்டும். அதனால் பழுது பார்க்கும் பட்டறையையும் தம்மோடு வைத்துக்கொண்டார் நாயுடு. பஸ்கள் நேரம் தவறாமல் ஓட வேண்டும் என்பதில் மிகவும் கண்டிப்பாக இருந்தார். அவரது யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், யு.எம்.எஸ். என்ற பெயரில் வளர்ந்து, நாட்டிலேயே சிறப்பாக நடக்கும் பஸ் நிறுவனங்களில் ஒன்றாகப் புகழ் பெற்றது.

வெளிநாட்டுப் பொருளை ஏன் நம்ப வேண்டும்?

பழுது பார்க்கத் தெரிந்தவருக்கு அடுத்த கேள்வி தானாக வரும். இதையே நாம் செய்தால் என்ன?

அப்போது மின் மோட்டார்கள் வெளிநாட்டிலிருந்து வந்தன. நாயுடு, டி.பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து 1937ல் இந்தியாவிலேயே ஒரு மின் மோட்டாரைத் தயாரித்தார். உள்நாட்டில் உருவான முதல் மின் மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். கோவை பீளமேட்டில் இந்த வேலை நடந்தது. பிறகு மோட்டாருக்கும் பம்ப்செட்டுக்கும் கோவை பெயர் பெற்ற ஊரானது. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளுக்குப் போனால், ஆளுயரத்தை மிஞ்சும் மர டிரம்கள் உருளுவதைப் பார்க்கலாம். அவற்றை உருட்டுவதும் மின் மோட்டார்கள்தான். மோட்டார் நின்றால் தோல் பதனிடும் வேலையும் நின்றுவிடும். ஒரு மோட்டாரை இங்கேயே செய்வதும், இங்கேயே பழுது பார்ப்பதும் எத்தனை குடும்பங்களின் சோற்றோடு சம்பந்தப்பட்டது, பார்த்தீர்களா?

நாயுடுவின் மூளை சும்மா இருக்கவில்லை. பேட்டரியில் ஓடும் சவரக் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, ஓட்டுப் பதிவு செய்யும் இயந்திரம் என்று வரிசையாகச் செய்தார். ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று 1941ல் அறிவித்தார். விவசாயத்திலும் புகுந்தார், பருத்தி, பப்பாளிப் பயிர்களில் சோதனைகள் செய்தார். கேமராவும் கையுமாக உலகம் சுற்றினார். 1936ல் இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் இறுதி ஊர்வலத்தைக்கூடப் படம் பிடித்தார்.

பட்டறையா, வகுப்பறையா?

தமக்குக் கிடைக்காத தொழிற்கல்வி பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்று நினைத்தார் நாயுடு. 1945ல் அவர் முயற்சியால் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் உருவாயின. ஆர்தர் ஹோப் அப்போது சென்னை மாகாண கவர்னர். அந்தப் பொறியியல் கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி.

நான்கு வருடப் படிப்பு வீண். பட்டறையில் கை அழுக்காக வேலை செய்தால் குறைந்த காலத்திலேயே கற்றுவிடலாம் என்பது நாயுடுவின் கருத்து. அரசு ஏற்கவில்லை. அவர் பொறுப்பிலிருந்து விலகிவிட்டார். அவர் சொன்னது முழுக்கச் சரியா என்று இன்றும் விவாதிக்கலாம். ஆனால், இன்ஜினைத் தொடாமலேயே இன்ஜின் பற்றிப் பரீட்சை எழுதக்கூடாது என்பதை யார் மறுப்பார்கள்?

ஸ்பேனரால் சரிசெய்ய முடியாத பழுது

1952ல் நாயுடுவின் பெரிய கனவு ஒன்று சக்கரம் முளைத்து வந்தது. இரண்டு பேர் அமர்ந்து செல்லும் பெட்ரோல் கார். விலை 2,000 ரூபாய்தான்! ஆனால், அந்தக் காலத்தில் பெரிய அளவில் ஒரு பொருளைத் தயாரிக்க மத்திய அரசின் உரிமம் வேண்டும். அது அவருக்குக் கிடைக்கவில்லை. கார் தயாரிப்பு அதோடு நின்றது.

எந்த இன்ஜினையும் பிரித்துச் சரிசெய்யத் தெரிந்தவருக்கு, இந்தப் பழுதை மட்டும் சரிசெய்ய முடியவில்லை. அவருக்கு அது எவ்வளவு வலித்திருக்கும்! ஆனாலும் ஓய்ந்து உட்காரவில்லை. அடுத்தடுத்த சோதனைகளில் இறங்கினார். 1974ம் ஆண்டு ஜனவரி 4ம் தேதி, தம் 80வது வயதில் காலமானார்.

கோவையில் அவிநாசி சாலையில் இன்று ஒரு கார் அருங்காட்சியகம் இருக்கிறது. நாயுடுவின் குடும்பத்தார் 2015ல் திறந்தது. பல நாட்டுப் பழைய கார்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. அதே சாலையின் மேல், 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட பத்து கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கு ஜி.டி.நாயுடு மேம்பாலம் என்று பெயர்.

குட்டீஸ், வீட்டில் ஓடாத கடிகாரம், ஊமையான ரேடியோ, சுழலாத பொம்மைக் கார் ஏதாவது மூலையில் கிடக்கிறதா? அப்பா, அம்மாவிடம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். மின்சார இணைப்பு இருக்கும் எதையும் தொடாதீர்கள். ஒரு வெள்ளைத் துணியை விரித்து, கழற்றும் ஒவ்வொரு திருகாணியையும் வரிசையாக வையுங்கள். எந்தப் பாகம் எதை இயக்குகிறது, எங்கே நின்றுபோனது என்று பாருங்கள். சரியாகிவிட்டால் சந்தோஷம். ஆகாவிட்டாலும் உள்ளே என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். கலங்கல் துரைசாமியும் அங்கிருந்துதான் புறப்பட்டார்!