யானை கொண்ட யவன வேந்தர்

யவன மன்னர் ஒருவர் இந்திய யானையைத் தம் ஆட்சிப் பெருமையின் அடையாளமாகக் கொண்டார் என்பது வரலாறு தரும் சுவையான செய்தியாகும். அவரே செலூக்கஸ் நிகேட்டர். கி.மு. 358ஆம் ஆண்டளவில் மாசிடோனியாவில் பிறந்த அவர், மாவீரர் அலெக்சாந்தரின் படைத்தலைவர்களுள் ஒருவராக உயர்ந்தார்.

கி.மு. 326இல் ஜீலம் ஆற்றங்கரையில் போரஸ் மன்னருடன் நிகழ்ந்த போரில் காலாட்படைப் பிரிவொன்றை நடத்தியவர் செலூக்கஸ். குதிரைகள் வெருண்டு ஒதுங்க, வீரர்களை மிதித்துத் துவைத்த களிறுகளின் ஆற்றலை அவர் அங்கே நேரில் கண்டார். அக்காட்சி அவர் நெஞ்சைவிட்டு அகலவில்லை போலும்!

கி.மு. 323இல் அலெக்சாந்தர் மறைந்ததும் தளபதியர் பேரரசைக் கூறுபோட்டனர். ஆண்டிகோனஸுக்கு அஞ்சி எகிப்தில் அடைக்கலம் புகுந்த செலூக்கஸ், கி.மு. 312இல் சிறு படையுடன் திரும்பிப் பாபிலோனை மீட்டார். பின்னர்ச் சிந்து வரை வந்த அவர், சந்திரகுப்த மௌரியருடன் உடன்படிக்கை செய்துகொண்டார். சிந்துவுக்கு மேற்கிலுள்ள நிலப்பகுதிகளை விட்டுக்கொடுத்து, 500 யானைகளைப் பெற்றார். அவருடைய தூதராக மௌரியர் அவைக்கு வந்த மெகஸ்தனிஸ், தம் நூலில் பாண்டிய நாட்டையும் குறித்துள்ளமை தமிழர் நினைக்கத்தக்கது.

மண்ணை இழந்து விலங்கைப் பெற்றாரே என எண்ணத் தோன்றும். அதற்கு விடை கி.மு. 301இல் இப்சஸ் போர்க்களத்தில் கிடைத்தது. ஆண்டிகோனஸின் மகன் டெமெத்ரியஸ், குதிரைப்படையுடன் பகைவரைத் துரத்தி நெடுந்தொலைவு சென்றுவிட்டார். அவர் மீளும் வழியில் யானைகள் அரணாக நின்றன. துணையின்றி நின்ற முதியவர் ஆண்டிகோனஸ் களத்தில் வீழ்ந்தார். ஆசியாவின் பெரும்பகுதி செலூக்கஸின் வயமாயிற்று.

யானைகள் இழுக்கும் தேரில் அதீனா தெய்வம் போர்புரியும் கோலத்தை அவர் நாணயங்களில் பொறித்தார். டெமெத்ரியஸின் அவையினரோ அவரை மன்னரெனக் கூறாது, யானைப்படைத் தலைவர் என்றே எள்ளி நகைத்தனர். அந்த டெமெத்ரியஸ் பிற்காலத்தில் செலூக்கஸின் சிறையிலேயே உயிர்நீத்தார்.

கி.மு. 281இல் லிசிமாக்கஸையும் வென்று, பிறந்த மண்ணைக் காணும் வேட்கையுடன் ஐரோப்பாவில் கால்வைத்தார் செலூக்கஸ். தம்மிடம் அடைக்கலம் பெற்றிருந்த தாலமி கெரௌனஸ் என்பவனே அவரைக் குத்திக் கொன்றான். ஒருகாலத்தில் தாமே அடைக்கலம் தேடி நின்றவர், தாம் அடைக்கலம் தந்தவன் கையாலேயே மாய்ந்தார். களத்தில் அரணாக நின்ற களிறுகள் அருகிலிருந்தவனின் வஞ்சத்தினின்று அவரைக் காக்கவில்லை. படைவலிமையை மட்டும் நம்புவோர் உள்ளத்தில் பதிக்கவேண்டிய பாடம் இதுவன்றோ!