பூசாத சுவர்கள்

புதிதாகக் கட்டிய வகுப்பறைக்குள் நுழைந்ததும் ஒரு வாடை மூக்கைத் துளைக்கும். சிலருக்குக் கண் எரியும். சிலருக்குத் தலை வலிக்கும். சாயத்திலிருந்தும் ஒட்டுப்பலகையின் பசையிலிருந்தும் கசியும் ஆவிகளே இதற்குக் காரணம். நம் மூக்கு உணராத வளியும் உண்டு. சுண்ணாம்புக்கல்லைக் கடும் வெப்பத்தில் சுட்டுச் சிமெண்டு செய்யும்போது கரியமில வாயு வெளியாகிறது. மனிதச் செயல்களால் உலகில் வெளியாகும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 8 விழுக்காடு சிமெண்டுத் தொழிலால் வருவது. இவ்விரண்டையும் குறைத்துக் கட்ட முடியும் என்று செயலில் காட்டியவர் லாரி பேக்கர்.

பேக்கர் 1917ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்தார். அங்கேயே கட்டடக்கலை பயின்றார். இரண்டாம் உலகப் போரின்போது மருத்துவ உதவிக் குழுவில் சேர்ந்து சீனாவில் தொண்டாற்றினார். நாடு திரும்பும் வழியில், கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்த நாள்களில் காந்தியடிகளைச் சந்தித்தார். துணித் துண்டுகளால் செய்த அவருடைய காலணி காந்தியடிகளின் கவனத்தை ஈர்த்தது. ஒரு வீட்டை, ஐந்து மைல் தொலைவுக்குள் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே கட்ட வேண்டும் என்பது காந்தியடிகளின் எண்ணம். அது பேக்கரின் மனத்தில் ஆழப் பதிந்தது.

1945இல் அவர் மீண்டும் இந்தியாவுக்கு வந்து, தொழுநோயாளிகளுக்கான மருத்துவ இல்லங்களை அமைக்கும் பணியை ஏற்றார். 1948இல் மருத்துவர் எலிசபெத்தை மணந்தார். இருவரும் இமயமலைப் பகுதியிலுள்ள பித்தோராகரில் 16 ஆண்டுகள் வாழ்ந்தனர். மலைவாழ் மக்கள் கல்லையும் மண்ணையும் மரத்தையும் கொண்டு குளிருக்கேற்ற வீடுகளைக் கட்டிய திறம் அவருக்குப் புதிய பாடமாயிற்று.

1963இல் அவர்கள் கேரளத்திற்குக் குடிபெயர்ந்தனர். பின்னர், திருவனந்தபுரமே பேக்கரின் பணிக்களமானது. செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பும் முறையை அவர் பரப்பினார். அதனால் செங்கல் ஏறத்தாழ கால் பங்கு மிச்சமாகும். வெற்றிடத்தில் நிற்கும் காற்று வெயிலின் சூட்டையும் தடுக்கும். கான்கிரீட் கூரையின் நடுவே பழைய ஓடுகளைப் பதித்துச் சிமெண்டையும் இரும்பையும் குறைத்தார். சன்னலுக்கு மாற்றாகச் செங்கல் இடைவெளிகளால் காற்றையும் ஒளியையும் வரவழைத்தார். பல சுவர்களுக்குப் பூச்சும் இல்லை, சாயமும் இல்லை. எனவே, சாய வாடைக்கும் அங்கு வேலையில்லை.

பூசாத சுவர் ஏழ்மையின் அடையாளம் என்று நினைத்தோர் பலர். அது பருவமழையைத் தாங்குமா என்ற ஐயமும் எழுந்தது. அவற்றுக்கு அவருடைய கட்டடங்களே விடையளித்தன. திருவனந்தபுரத்தின் வளர்ச்சி ஆய்வு மையம் அவற்றுள் புகழ் பெற்றது. கோட்டயத்தில் மேரி ராய் தொடங்கிய பள்ளியையும் பேக்கரே வடிவமைத்தார். குன்றுச் சரிவில் அமைந்த அப்பள்ளியின் இன்றைய பெயர் ‘பள்ளிக்கூடம்’.

செங்கல்லைச் சுடுவதற்கும் விறகு எரிகிறதே என்பதைப் பேக்கர் மறந்துவிடவில்லை. ஆகவே, சுடாத மண்ணால் கட்டும் முறையை விளக்கிச் சிறு நூலும் எழுதினார். 1990இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2007ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், தமது 90ஆம் வயதில் அவர் மறைந்தார்.

பேக்கர் வழியில் நம் கெடா மாநிலத்தைப் பார்ப்போம். பூஜாங் பள்ளத்தாக்கில் செங்கல்லாலும் கருங்கல்லாலும் அமைந்த பழங்கட்டடங்களின் அடித்தளங்கள் பல நூற்றாண்டுகளைக் கடந்தும் நிற்கின்றன. தோட்டங்களில் பால் குறைந்த இரப்பர் மரங்களை 25, 30 ஆண்டுகளில் வெட்டிவிடுவார்கள். முன்பு அவை பெரும்பாலும் விறகாயின. எரிந்தால் மரத்திலுள்ள கரி புகையாகிவிடும். மேசையாகவும் நாற்காலியாகவும் மாறினால் அது நெடுநாள் மரத்திலேயே தங்கும். நம் தாத்தாவும் பாட்டியும் பால் வெட்டிய மரம், நாம் எழுதும் மேசையாகலாம்.

கூலிமிலோ சுங்கைப்பட்டாணியிலோ நாளை ஒரு பள்ளி எழும்பும்போது, விலையையும் அழகையும் மட்டும் கேட்டால் போதாது. இப்பொருள் எங்கிருந்து வந்தது? இதைச் செய்ய எவ்வளவு எரிந்தது? இதிலிருந்து கசிவதை நாள்தோறும் சுவாசிக்கப்போகும் பிள்ளைகள் யார்? இக்கேள்விகளையும் நாம் கேட்க வேண்டும்.