கஅபாவின் கூரையில் ஏறிய பிலால்

தண்டோரா போடும் வழக்கத்திற்குத் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில்தான் தடை விதித்தது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டச் சிற்றூர்களில் சாவுச் செய்தியையும் திருவிழாவையும் பறையறைந்து அறிவிக்கும் வேலை தலைமுறைகளாக யார்மீது சுமத்தப்பட்டது என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. அறிவிப்பவரின் குரல் ஊருக்குத் தேவைப்பட்டது. அறிவிப்பவர் மட்டும் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டார். வெள்ளாற்றங்கரை லப்பைக்குடிக்காட்டில் நாள்தோறும் ஐந்து வேளை ஒலிக்கும் தொழுகை அழைப்பும் ஓர் ஊரறிவிப்பே. அதை முதன்முதலில் ஒலித்தவர், அடிமையாகப் பிறந்த கறுப்பர்.

பிலால் மக்காவில் பிறந்தவர், அபிசீனிய மரபினர். தாய் ஹமாமா அடிமை என்பதால் பிள்ளையும் அடிமை. பிறப்பே தண்டனையாவது நமக்குப் புதிதன்று. அவருடைய எசமானர் உமையா இப்னு கலஃப், குறைஷிச் செல்வர். பெற்றோரை இளமையிலேயே இழந்து வளர்ந்த வணிகரான நபி முகம்மது, 610ஆம் ஆண்டளவில் ஓரிறைக் கொள்கையை அறிவித்தார். கஅபாவின் சிலைகளும் யாத்திரை வருவாயும் குலப்பெருமையும் பின்னிக் கிடந்த நகரில் அது வெறும் வழிபாட்டுச் சிக்கலாக நிற்கவில்லை. கேட்பாரற்றவர்களே கொடிய வதைக்கு உள்ளாயினர். பிலாலை நண்பகல் மணலில் கிடத்தி, மார்பில் பாறையை ஏற்றினர். இறைவன் ஒருவனே என்பதை அவர் விடாது கூறிக்கொண்டிருந்தார். அபூபக்கர் விலை கொடுத்து வாங்கி அவரை விடுவித்தார். விடுதலைக்கும் அன்று சந்தை விலை இருந்தது.

வதைபட்டோரில் ஒரு பகுதியினர் 615ஆம் ஆண்டளவில் அடைக்கலம் தேடிச் சென்ற நாடு பிலாலுடைய முன்னோரின் அபிசீனியா. அடைக்கலம் தந்தவர் ஒரு கிறித்தவ மன்னர். 622இல் நபியும் தோழர்களும் மதீனாவுக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே தொழுகைக்கு மக்களை எவ்வாறு அழைப்பது என்ற கேள்வி எழுந்தது. கொம்பும் மணியும் பேசப்பட்டு, மனிதக் குரலே முடிவாயிற்று. அழைப்பின் சொற்களைக் கனவில் கேட்டவர் மதீனாவைச் சேர்ந்த அப்துல்லா இப்னு ஸைத். எனினும் அவற்றை உரக்க ஒலிக்கும் பொறுப்பை நபி பிலாலிடமே ஒப்படைத்தார். அவருடைய குரல்வளமே அதற்குக் காரணம், குலமன்று.

630இல் மக்கா பணிந்தது. நபியின் கட்டளைப்படி பிலால் கஅபாவின் கூரைமீது ஏறி நின்று அழைப்பு விடுத்தார். எந்நகரில் அவரை மணலில் இழுத்தார்களோ, அந்நகரின் மிகப் புனிதமான கட்டடத்தின் உச்சி அது. இக்காட்சியைக் காணாமல் தம் தந்தை முன்னரே இறந்தது நன்றென்று ஒரு குறைஷி எண்ணியதாக மரபு வரலாறுகள் பதிவு செய்கின்றன. கருவறை நுழைவுக்கு எழும் எதிர்ப்பை அறிந்த நமக்கு அந்த முகச்சுளிப்பு எளிதில் விளங்கும்.

மற்றொரு செய்தி இதனினும் முக்கியமென்று நாம் கருதுகிறோம். பிலால் தம் சகோதரருடன் ஏமன் நாட்டுக் குடும்பமொன்றில் பெண் கேட்டுச் சென்றார். தாங்கள் அபிசீனியர், அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றவர்கள் என்பதை மறைக்காமல் முதலிலேயே கூறிவிட்டுத்தான் கேட்டார். அவர்களும் பெண் கொடுத்தனர். பிறப்பின் பெயரால் கட்டப்பட்ட சுவர் உண்மையில் இடிந்ததா என்பதை மணவுறவில்தான் அறிய முடியும். தமிழ்நாட்டுக் காதல் இணையர்களின் கொலைகள் இதற்குச் சாட்சி.

இவ்வரலாற்றை மெருகிட்டுக் காட்டும் நோக்கம் நமக்கில்லை. அடிமையை விடுவிப்பது அறமாகப் போற்றப்பட்டது. ஆனால் அடிமைமுறை ஒழிக்கப்படவில்லை. சவூதி அரேபியாவில் அது சட்டப்படி முடிவுக்கு வந்தது 1962இல்தான். நபி மறைந்து நூறாண்டுகளுக்குள் இஸ்லாமிய ஆட்சி ஸ்பெயின் முதல் சிந்து வரை பரவியது. அவ்வாட்சியிலேயே, மதம் மாறிய அரபியரல்லாதார் பலரிடமிருந்து தலைவரி தொடர்ந்து பெறப்பட்டது. பிலாலின் மார்க்கத்துக்குள் வந்தவர்களே அரபுக் குலப்பெருமையின் கீழ் இரண்டாம் நிலையில் வைக்கப்பட்டனர்.

632இல் நபி மறைந்தபின் பிலால் அழைப்பு ஒலிப்பதை நிறுத்திவிட்டார். மதீனாவில் இருக்க மனமின்றிச் சிரியாவுக்குச் சென்றார். கலீஃபா உமர் அங்கே வந்தபோது, தோழர்கள் வேண்டிக் கேட்டதால் ஒருமுறை மட்டும் இசைந்தார். அக்குரலைக் கேட்டு உமர் உட்பட அனைவரும் அழுததாகக் கூறுவர். 640ஆம் ஆண்டளவில் பிலால் இறந்தார். திமிஷ்கு நகரின் பாபுஸ் ஸகீர் அடக்கத்தலத்தில் அவருடைய கல்லறை காட்டப்படுகிறது.