மாண்டிஸோரி அம்மையாரின் முதல் மாணாக்கர்

மாண்டிஸோரி என்ற பெயரை நம் பட்டணங்களில் அறியாதார் அரியர். தெருவுக்குத் தெரு அப்பெயர் தாங்கிய பலகைகள் தொங்குகின்றன. பொருள் படைத்தவர் தம் குழந்தைகளை அங்கே சேர்ப்பதற்கு முந்திக்கொள்கின்றனர். அழகிய மரக்கட்டைகளும், வண்ணப் பலகைகளும், சிறு நாற்காலிகளும் அப்பள்ளிகளின் அடையாளங்களாக விளங்குகின்றன. இவை யாவும் முதன்முதல் எந்தக் குழந்தைகளுக்காகச் செய்யப்பட்டன என்பதை எண்ணிப் பார்ப்பவர் எத்தனை பேர்? செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்காக அல்ல; கெட்டிக்காரப் பிள்ளைகளுக்காகவும் அல்ல. கற்பிக்க முடியாதவர் என்று உலகம் கைகழுவிப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் தள்ளி வைத்த குழந்தைகளே அவற்றை முதலில் கையில் ஏந்தியவர்கள். இவ்வுண்மையை நம் தேசத்தொண்டர்களுக்கு நினைவூட்டுவதற்காகவே இன்று அவ்வம்மையாரின் சரித்திரத்தைச் சொல்ல முன்வந்தோம்.

மரியா மாண்டிஸோரி 1870-ம் ஆண்டு ஆகஸ்ட் 31-ந் தேதி இத்தாலி தேசத்தில் கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை சர்க்கார் உத்தியோகஸ்தர். பழைய வழக்கங்களில் பற்றுள்ளவர். தாய் நூற்பயிற்சி மிக்கவர். மகளின் விருப்பத்துக்குத் துணை நின்றவர். குடும்பம் ரோமாபுரிக்குக் குடியேறியது. பெண்கள் உபாத்தியாயினிகளாவதே பெருங்காரியம் என்று கருதப்பட்ட அக்காலத்தில், இப்பெண் ஆண்பிள்ளைகள் படிக்கும் தொழிற்கல்விப் பள்ளியில் சேர்ந்து கணிதம் பயின்றார். பின்னர் வைத்தியம் கற்பதென்று உறுதி பூண்டார். தந்தையின் அதிருப்தியும் சகமாணவரின் ஏளனமும் அவரைத் தடுக்கவில்லை. ஆடவருடன் கூடி நின்று பிரேதத்தை அறுத்துப் பார்ப்பது பெண்ணுக்கு அடாது என்று விதித்தனர். ஆகவே, மற்றவர்கள் வீடு திரும்பிய பின்னர், அவர் தன்னந்தனியாக அந்த அறையில் நின்று பாடம் கற்றார். 1896-ம் ஆண்டில் ரோமாபுரிச் சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதற் பெண் வைத்தியர்களுள் ஒருவர் என்ற பெருமை அவரைச் சேர்ந்தது.

பட்டம் பெற்றபின் சர்வகலாசாலையைச் சேர்ந்த மனோவியாதிச் சிகிச்சை நிலையத்தில் அவர் பணி ஏற்றார். சிகிச்சைக்கு உரியவர்களைத் தேர்ந்தெடுக்க நகரத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளுக்குச் செல்வது அவர் அலுவல்களுள் ஒன்று. சித்தம் கலங்கிய பெரியவர்களுடன் குழந்தைகளும் அங்கே அடைக்கப்பட்டிருந்தனர். பேச்சு வராதவர், வலிப்பு நோயுற்றவர், அறிவு வளர்ச்சி தாமதித்தவர், பிறர் முகம் நோக்காது தம்முள் ஒடுங்கியவர் ஆகிய எல்லோருக்கும் மூடர் என்ற ஒரே பெயரைச் சூட்டிப் பூட்டி வைத்திருந்தனர். ஓர் ஆஸ்பத்திரியில் உணவு முடிந்ததும் குழந்தைகள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைத் தேடிப் பொறுக்கினராம். இது பெருந்தீனிக் குணம் என்று காவற்காரி அருவருப்புடன் சொன்னாளாம். அம்மையார் அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். நான்கு சுவர்களைத் தவிர அங்கே ஒன்றுமில்லை. கையால் தொடுவதற்கும், எடுப்பதற்கும், உருட்டுவதற்கும் அக்குழந்தைகளுக்கு அத்துணுக்குகளைத் தவிர வேறு பொருள் கிடையாது. அவர்களுடைய பசி வயிற்றின் பசியன்று, கைகளின் பசி, அறிவின் பசி என்று அவர் உணர்ந்தார் என இச்சம்பவத்தை அவர் சரித்திரம் எழுதியவர்கள் கூறுவர்.

இக்குழந்தைகளுக்காக முன்னர் உழைத்தவர் எவரேனும் உண்டோ என்று அவர் தேடினார். பிரெஞ்சு தேசத்து வைத்தியர் இருவரின் நூல்கள் அகப்பட்டன. ஒருவர் இத்தார். 1800-ம் ஆண்டில் அவேரோன் பிரதேசத்துக் காட்டினின்றும் வெளிப்பட்ட, பேச்சறியாத சிறுவன் ஒருவனைத் தம்மிடம் வைத்துப் பல ஆண்டுகள் பொறுமையுடன் கற்பித்தவர் அவர். அச்சிறுவன் ஆட்டிஸம் என்று இன்று வழங்கும் இயல்புடையவனாக இருந்திருக்கலாம் என்று பிற்கால அறிஞர் சிலர் கருதுகின்றனர். மற்றவர் இத்தாரின் சீடரான ஸெகேன். இத்தகைய குழந்தைகளுக்கென்றே பள்ளி நடத்தி, தம் முறையை 1846-ல் பெரியதொரு நூலாக வெளியிட்டு, பின்னர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். உலகம் மறந்துவிட்ட இவ்விருவரின் நூல்களை அம்மையார் பிற்காலத்தில் இத்தாலிய பாஷையில் பெயர்த்து, ஆதியோடந்தமாகத் தம் கைப்பட எழுதினார். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்ப்பதற்காகவே இவ்வாறு செய்தார்.

தம் ஆரம்ப ஆராய்ச்சியின் முடிவை 1898-ம் ஆண்டில் டூரின் நகரில் கூடிய உபாத்தியாயர் மகாநாட்டில் அவர் வெளியிட்டார். அறிவு வளர்ச்சி தாமதித்த குழந்தைகளின் பிரச்னை வைத்தியரின் மருந்துப் பெட்டியைச் சார்ந்ததன்று; உபாத்தியாயரின் கடமையைச் சார்ந்தது என்பதே அவர் கட்சி. இதன் கருத்தை நாம் ஊன்றி நோக்க வேண்டும். குழந்தை கற்கவில்லை என்றால் குறை குழந்தையிடம் உள்ளது என்று சொல்லி எழுந்து போவது எளிது. நாம் கற்பிக்கும் வழி அக்குழந்தைக்கு ஏற்றதன்று என்று ஒப்புக்கொள்வது அரிது. அம்மையார் அரிய வழியைத் தேர்ந்தார்.

1900-ம் ஆண்டில் இக்குழந்தைகளுக்குக் கற்பிக்கும் உபாத்தியாயர்களைத் தயாரிக்க ரோமாபுரியில் ஒரு பள்ளி தோன்றிற்று. மாண்டிஸோரி அம்மையாரும் மொன்டெஸானோ என்ற வைத்தியரும் அதன் தலைவர்களாயினர். சாதாரணப் பள்ளிகளினின்று விலக்கப்பட்ட பிள்ளைகளும், பின்னர் பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளில் கிடந்த பிள்ளைகளும் அங்கே கொண்டுவரப்பட்டனர். காலை எட்டு மணி முதல் மாலை ஏழு மணி வரை அம்மையார் அக்குழந்தைகளுடனேயே இருந்தார். இரவில் அன்று கண்டவற்றைக் குறித்து வைத்தார். தாம் பெற்ற பட்டங்களுள் இவ்வுழைப்பே உண்மையான பட்டம் என்று பிற்காலத்தில் கருதினார்.

அவர் கற்பித்த விதத்துக்கு ஓர் உதாரணம் கூறுவோம். பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். கைகளில் வலிமை உண்டு. ஆயினும் ஊசியை மேலும் கீழுமாகச் செலுத்தித் துணியை இழையோட்ட அவளால் இயலவில்லை. எத்தனை முறை காட்டினும் பயனில்லை. அம்மையார் ஊசியை அப்பால் வைத்தார். காகிதக் கீற்றுகளை ஒன்றின் மேலும் மற்றொன்றின் கீழுமாகக் கோத்துச் சிறு பாய் முடையும் விளையாட்டை அவளுக்குக் கொடுத்தார். அதில் கை தேர்ந்தபின் மீண்டும் ஊசியைக் கொடுத்தார். அவள் தடையின்றித் தைத்தாள்! எந்தக் காரியத்தையும் செய்விப்பதற்கு முன்னர் அக்காரியத்துக்கு வேண்டிய அசைவைக் கைக்குப் பழக்க வேண்டும் என்ற உண்மை அப்போது அவருக்கு விளங்கிற்று. எழுத்துக்கும் இதையே பிரயோகித்தார். மரத்தால் எழுத்துக்களைச் செய்வித்து, உயிரெழுத்துக்குச் சிவப்பும் மெய்யெழுத்துக்கு நீலமும் பூசி, குழந்தைகள் அவற்றின் மேல் விரலை ஓட்டுமாறு செய்தார். கண் கண்டதை விரல் உணர்ந்தது. விரல் உணர்ந்ததை மனம் பற்றியது. திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பி விரலால் அகரம் எழுதிய நம் முன்னோருக்கு இவ்வழி அந்நியமாகத் தோன்றியிராது.

பலன் என்ன? மூடர் என்று தள்ளப்பட்டவர்களுள் சிலர் எழுதவும் படிக்கவும் கற்று, சாதாரணப் பிள்ளைகளோடு சமமாகப் பொதுப் பரீட்சையில் அமர்ந்து தேறினர். ஊரார் இதை அற்புதம் என்று வியந்தனர். அம்மையாரோ வேறொன்றை எண்ணிக் கவன்றார். கைவிடப்பட்ட குழந்தைகளே இந்நிலையை எட்டினால், சுகமாக வளர்ந்த குழந்தைகள் அவர்களுக்குச் சமமாக மட்டும் நிற்பானேன்? சாதாரணப் பள்ளிகள் அவர்களை எவ்வளவு தாழ்த்தி வைத்திருக்க வேண்டும்? இக்கேள்வியினின்றே அவர் முறை உலகமெங்கும் பரவலாயிற்று.

அவர் வாழ்க்கையின் துயரமான பகுதியையும் மறைப்பது நியாயமன்று. 1898-ல் அவருக்கும் மொன்டெஸானோவுக்கும் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. மரியோ என்பது பெயர். விவாகம் நடைபெறவில்லை. அக்காலத்துச் சமூகத்தின் கண்ணுக்கு அஞ்சி அக்குழந்தை கிராமத்தில் ஒரு செவிலியிடம் வளர்க்கப்பட்டது. மொன்டெஸானோ 1901-ல் வேறொரு பெண்ணை மணந்தார். அம்மையார் அவ்வாண்டிலேயே அந்தப் பள்ளியை விட்டு விலகினார். பிறர் குழந்தைகளுக்குத் தாயாயிருந்தவர் தம் குழந்தைக்கு வெளிப்படையாகத் தாயாயிருக்க இயலவில்லை. 1912-ல் அவர் அன்னை காலமானபின்னரே மகன் அவரிடம் வந்து சேர்ந்தான். அப்போதும் ஊராருக்கு அவன் உறவுப் பையன் என்றே சொல்லப்பட்டது.

அதன் பிறகு நடந்தவை பலரும் அறிந்தவை. 1907-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி ரோமாபுரியில் ஸான் லொரென்ஸோ என்ற ஏழைகள் சேரியில் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. முன்னைய பள்ளியில் உருவான சாதனங்களே அங்கும் உதவின. 1909-ல் வெளியான அவர் நூல் பல பாஷைகளில் பெயர்க்கப்பட்டது. முஸோலினியின் ஆட்சி முதலில் அவர் பள்ளிகளை ஆதரித்தது; அவரும் அவ்வாதரவை ஏற்றார். ஆனால் குழந்தையின் சுதந்திரமும் சர்வாதிகாரமும் ஓரிடத்தில் வாழ்வதில்லை. 1934-ல் உறவு முறிந்தது; இத்தாலியில் அவர் பள்ளிகள் மூடப்பட்டன. 1936-ல் ஸ்பெயினில் மூண்ட உள்நாட்டு யுத்தம் அவரை அங்கிருந்தும் துரத்தியது.

1931-ல் வட்டமேஜை மகாநாட்டுக்கு லண்டன் சென்றிருந்த மகாத்மா காந்தி அவரைச் சந்தித்து, அவர் பயிற்சிக் கூடத்தில் உரை நிகழ்த்தினார். 1939-ம் ஆண்டு இறுதியில், பிரம்மஞான சங்கத்தாரின் அழைப்பை ஏற்று அம்மையாரும் மரியோவும் சென்னை அடையாற்றுக்கு வந்தனர். தென்னங்கீற்றுக் கொட்டகைகளில் சுமார் 300 உபாத்தியாயர் கூடிப் பயின்றனர். 1940 ஜூன் மாதம் இத்தாலி யுத்தத்தில் குதித்ததும், இந்தியாவை ஆண்ட பிரிட்டிஷார் இருவரையும் பகை நாட்டுப் பிரஜைகள் என்று வகுத்தனர். மரியோ அஹமத்நகர் முகாமில் அடைக்கப்பட்டார். அம்மையார் அடையாற்று எல்லைக்குள் காவலில் இருந்தார். அவ்வாண்டு ஆகஸ்ட் 31-ந் தேதி, அவரது எழுபதாவது பிறந்தநாளில், வைஸ்ராய் மரியோவை விடுவித்துத் தந்தி அனுப்பினார். அத்தந்தி மரியோவை அம்மையாரின் மகன் என்றே குறித்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகுக்கு உரைக்க இயலாதிருந்த ஒரு சொல், அந்நிய தேசத்தில், காவலிலிருந்த வேளையில் அவருக்குக் கிட்டிற்று! பின்னர் கோடைக்கானலில் சில ஆண்டுகள் தங்கிக் குழந்தைகளுக்குக் கற்பித்து ஆராய்ந்தார். 1946-ல் ஐரோப்பா திரும்பினார். 1952-ம் ஆண்டு மே 6-ந் தேதி ஹாலந்து தேசத்தில் கடலோர ஊர் ஒன்றில் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இச்சரித்திரம் நமக்குப் போதிப்பது யாது? அம்மையார் கண்ட முறை எல்லாக் குழந்தைகளுக்கும் உரியதாயிற்று, நல்லதே. ஆனால் அம்முறையைத் தோற்றுவித்த குழந்தைகள் வாயிற்படிக்கு வெளியே நின்றுவிட்டனர். அம்மையாரும் 1901-க்குப் பிறகு அவர்களிடம் முழுமையாகத் திரும்பவில்லை. நம் நாட்டிலும், அவர் பெயரைப் பலகையில் எழுதிய பள்ளிகள் சிலவற்றில், ஓரிடத்தில் அமராத பிள்ளையையும், பேச்சு வராத பிள்ளையையும், எழுத்துக்கள் இடம் மாறித் தோன்றும் பிள்ளையையும் ஏற்க மறுப்பதைக் காண்கிறோம். இதைவிட நன்றிகெட்ட செயல் வேறுண்டோ?

அன்று மூடர் என்ற ஒரே மூட்டையில் கட்டப்பட்டவர்களை இன்றைய சாஸ்திரம் பிரித்து அறிந்திருக்கிறது. ஆட்டிஸம் என்ற நிலையை 1943-ல் கானர் என்ற வைத்தியர் விவரித்தார். இது தாயின் குற்றத்தால் வருவதன்று. பூர்வ ஜன்ம பாவமும் அன்று. மூளையின் அமைப்பிலேயே அமைந்த வேறுபாடு. அதை மாற்றி மற்றவரைப்போல் ஆக்குவது நம் வேலையன்று. அக்குழந்தை தன் வழியில் கற்கவும், தன் சட்டையைத் தானே பூட்டவும், தன் விருப்பத்தைச் சொல்லாலோ படத்தாலோ தெரிவிக்கவும் துணை நிற்பதே நம் வேலை. பொதுப் பரீட்சையில் தேறுவோர் சிலர். தேறாதவரும் நம் மக்களே. சுயராஜ்யம் என்பது தன் காரியத்தைத் தானே நடத்திக்கொள்ளும் உரிமை. தானே உண்ணக் கற்ற குழந்தைக்கு அவ்வுரிமையின் முதற்படி கிடைத்துவிட்டது.

சட்டமும் பக்கத்தில் இருக்கிறது. இந்தியப் பார்லிமெண்டு 2016-ல் இயற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிஸம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு, கற்றல் குறைபாடு உள்ளிட்ட 21 நிலைகளை ஏற்கிறது. அச்சட்டம் வகுத்த அளவுக்கு ஊனமுற்ற பிள்ளைகளுக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமையை அளிக்கிறது. ஆனால் ஏட்டில் உள்ள உரிமை தானே நடந்து வீட்டுக்கு வராது. அதைக் கேட்டுப் பெறத் தொண்டர்கள் வேண்டும். வாக்குக் கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கும் நம் அன்பர்கள், எந்த வீட்டில் பள்ளி செல்லாத பிள்ளை உள்ளறையில் இருக்கிறது என்று ஒருமுறை விசாரிப்பார்களாக. வெட்கத்தால் ஒடுங்கிய தாய் தந்தையருக்குத் தைரியம் சொல்வார்களாக. பள்ளிக்கூடத்தார் கதவைச் சாத்தினால் சட்டத்தைக் காட்டித் திறக்கச் செய்வார்களாக. உபாத்தியாயர்களுக்கு உரிய பயிற்சியை அளிக்குமாறு சர்க்காரை வற்புறுத்துவார்களாக.

ரோமாபுரியில் வெற்றறை ஒன்றில் ரொட்டித் துணுக்குகளைத் தேடிய குழந்தைகள் உலகத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு கல்விமுறையைத் தந்து சென்றனர். அவர்களுக்கு நாம் பட்ட கடன் இன்னும் தீரவில்லை. அத்தகைய அறைகள் நம் வீடுகளில் இருக்கும் வரையில் அது தீராது.