கண்டி மலைநாட்டில் கலாயோகி

அயல்நாட்டிலிருந்து சுற்றம் காண வருவோர் பலர், விருந்துண்டு, இரண்டொரு கோயில்களைத் தரிசித்து, விடைபெற்றுச் செல்வர். மிகச் சிலரே நெடுநாள் தங்கி, வீட்டார் நாள்தோறும் கண்டும் காணாதிருந்த பொருளை எடுத்துக் காட்டி, அதன் அருமையை வீட்டாருக்கே உணர்த்துவர். ஈழநாட்டுக்கு அவ்வாறு வந்த உறவினர் என நான் கருதுவது கலாயோகி ஆனந்த குமாரசுவாமியை.

அவர் அயலார் அல்லர். 1877 ஆகஸ்ட் 22ஆம் நாள் கொழும்பிலே பிறந்தவர். தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி சட்டநிரூபண சபையில் அமர்ந்தவர். அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் நாடகமாகத் தந்தவர். தாயார் எலிசபெத் பீபி ஆங்கிலப் பெண்மணி. குழந்தை இரண்டு வயது நிரம்புமுன்னரே தாயுடன் இங்கிலாந்து சென்றது. பின்தொடர்ந்து செல்லவிருந்த தந்தையார் 1879 மே 4ஆம் நாள் கொழும்பிலே காலமானார். தந்தை முகம் நினைவில் இல்லாத பிள்ளைக்குத் தந்தை நாடும் கேள்வியால் அறிந்த நாடாகவே இருந்தது.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலநூலும் தாவர நூலும் பயின்று 1900இல் பட்டம் பெற்றார். ஈழத்துப் பாறைகளையும் பென்சிற்கரியையும் பற்றி அவ்வாண்டிலேயே கட்டுரை வெளியிட்டார். 1902இல் எதெல் பாட்ரிட்ஜ் என்னும் ஆங்கில மங்கையை மணந்தார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராகப் பணிபுரிந்தார்.

கொழும்பில் அவருக்குச் சுற்றத்தார் குறைவில்லை. தந்தையாரின் உடன்பிறந்தாள் செல்லாச்சி அம்மையாரின் மக்களே பொன்னம்பலம் இராமநாதனும் பொன்னம்பலம் அருணாசலமும். அத்தை மைந்தராகிய இவ்விருவரும் அக்காலத்தில் அரசாங்கத்தின் உயர்பதவிகளை வகித்தவர்கள். அச்செல்வாக்கின் நிழலில் ஆனந்தர் தலைநகரிலேயே இன்பமாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் பாறையை ஆராய்பவன் பாறை இருக்குமிடம் தேடிச் செல்லவேண்டும் அன்றோ? கடமை அவரை மலைநாட்டுக்கு அழைத்துச் சென்றது. கண்டிச் சீமையின் சிற்றூர்கள் அவரைத் தம்மிடமே நிறுத்திக்கொண்டன.

கல்லைத் தேடிச் சென்றவர் கண்டது கலையை. ஊர்தோறும் பித்தளைக்கு உருக்கொடுப்போர், யானைத் தந்தத்தில் செதுக்குவோர், மரத்தில் அரக்கு வண்ணம் ஏற்றுவோர், தும்பறையில் பாய் நெய்வோர், விகாரைச் சுவரில் சாதகக் கதைகளைத் தீட்டுவோர் எனப் பல வகையினர் இருந்தனர். அவருள் பலர் முதியவர். தொழிலைக் கற்கும் இளைஞர் அருகியிருந்தனர்.

இந்நிலைக்குக் காரணம் என்ன? கண்டியரசர் காலத்தில் கைவினைஞன் நிலத்தை மானியமாகப் பெற்று, அதற்கு ஈடாக அரண்மனைக்கும் கோயிலுக்கும் பணிசெய்தான். ஆகவே அவன் சந்தை விலையை எண்ணி அவசரப்பட வேண்டியதில்லை. 1815இல் அரசு வீழ்ந்தது. பணிபெறும் கை மறைந்தது. 1832இல் இராசகாரிய முறையும் ஒழிக்கப்பட்டது; கோயில் நிலங்களிலே மட்டும் அது எஞ்சியது. பின்னர் ஆலைத் துணியும் செயற்கைச் சாயமும் கப்பலேறி வந்தன. தறி ஓய்ந்தது, உளி துருவேறியது.

அரும்பொருட் சாலைக்காகப் பழம்பொருள்களைத் திரட்டிச் சென்ற வெள்ளையர் பலர். ஆனந்தரோ பொருளைவிட அதைச் செய்யும் மனிதனை நாடினார். அவன் பெறும் கூலி, காணி, சாதி வழக்கம், கருவி, அளவு, கைக்கொள்ளும் சிற்பநூல் அனைத்தையும் கேட்டறிந்தார். சாரிபுத்ர, ரூபாவலிய முதலிய நூல்களையும் ஆராய்ந்தார். புத்தர் படிமத்துக்குக் கண் திறக்கும் நேத்திர மங்கலத்தையும் விளக்கியிருக்கிறார். அச்சடங்கில் ஓவியன் படிமத்தை நேர்நோக்காமல், கண்ணாடியில் அதன் சாயலைப் பார்த்தே கண்ணை எழுதுவான். தொழிலும் வழிபாடும் அங்கே வேறல்ல என்பதை இங்கிலாந்தில் வளர்ந்த அவ்விளைஞர் உணர்ந்துகொண்டார். கணவர் குறிப்பெடுக்க, மனைவியார் நிழற்படம் பிடித்தார். கண்டிப் பெண்டிரின் தையல் வேலைப்பாட்டையும் ஆராய்ந்தார். அவரே பிற்காலத்தில் எதெல் மேரே என்ற பெயரில் இங்கிலாந்தின் கைத்தறிக் கலைக்குப் புத்துயிர் அளித்து, தாவரச் சாயங்கள் பற்றி 1916இல் நூலும் எழுதினார்.

கண்டவற்றை ஆனந்தர் தமக்குள் வைத்திருக்கவில்லை. பழைய கட்டடங்கள் சிதைவதையும், திருப்பணி என்ற பெயரால் மேலும் கெடுக்கப்படுவதையும் எடுத்துரைத்து, 1905இல் கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்க மடல் விடுத்தார். இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தின் தலைவராகி, மேனாட்டு உடையையும் பழக்கத்தையும் கண்மூடிப் பின்பற்றுவதைக் கண்டித்தார். 1906இல் இலண்டன் பல்கலைக்கழகம் நிலநூல் ஆராய்ச்சிக்காக அவருக்கு அறிவியற் கலாநிதிப் பட்டம் அளித்தது. அப்பட்டம் வந்த வேளையில் அவருடைய உள்ளமோ கல்லை விட்டுக் கலைக்கு மாறியிருந்தது.

அம்மாற்றத்தின் கனியே ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூல். இங்கிலாந்தில் பிராட் காம்ப்டன் என்னும் சிற்றூரில், வில்லியம் மொரிசு பயன்படுத்திய கையச்சுப் பொறியில் ஓராண்டுக்கு மேலாக உழைத்து, 1908இல் 425 படிகள் மட்டுமே அச்சிட்டார். கைவினையைப் போற்றும் நூல் கைவினையாலேயே உருவாகவேண்டும் என்பது அவர் கொள்கை போலும்!

ஒன்றை இங்கே கூறாமல் விடுதல் முறையாகாது. பழைய ஒழுங்கின் அழகைக் கண்ட அளவுக்கு அதன் சுமையை அவர் நிறுத்துப் பார்க்கவில்லை என்பது என் எண்ணம். மானிய நிலம் கைவினைஞனுக்குக் காப்பாக இருந்தது உண்மை. பிறந்த குலத்தொழிலிலேயே அவனைக் கட்டிவைத்ததும் உண்மை. எனினும் காப்பை அழித்தவர்கள் அதற்கு மாற்றாக எதைத் தந்தார்கள் என்று அவர் எழுப்பிய வினா இன்றும் விடையின்றியே நிற்கிறது.

தமிழ்த் தந்தையின் மைந்தர் சிங்களக் கலைக்கு முதற்பெருநூல் செய்ததை வியப்பாகப் பேசுவோர் உண்டு. உடுநுவரப் பகுதிக்குச் செல்வோர் வியப்படையார். கதிர்காமக் கடவுளுக்குரிய எம்பெக்க தேவாலயத்தின் மரத்தூண்களில் அன்னமும் மல்லரும் இருதலைப் புள்ளும் செதுக்கப்பட்டிருப்பதை நான் நெடுநேரம் நின்று பார்த்ததுண்டு. அதன் அண்மையிலுள்ள லங்காதிலக விகாரையின் பாறைச் சாசனம் சிங்களத்திலும் தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ளது. 1344இல் எழுந்த கடலாதெனிய விகாரையை அமைத்த தலைமைச் சிற்பியின் பெயர் கணேசுவராசாரி. உளிக்கு எல்லை கிடையாது என்பதற்கு அம்மலைச்சாரலே சான்று.

1917இல் அமெரிக்கா சென்ற ஆனந்தர், பொஸ்டன் நுண்கலைக் காட்சிச்சாலையில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி, சிவபெருமானின் ஆடலை உலகறியச் செய்தார். 1947 ஆகஸ்டில் எழுபது வயது நிறைந்தபோது இந்தியா திரும்பி வாழ விருப்பம் கொண்டிருந்தார். பதினெட்டு நாளில், செப்டம்பர் 9ஆம் நாள், காலமானார்.

கொழும்பில் அவர் பெயர் தாங்கிய வீதி ஒன்று உண்டு. மாணவரைக் கண்டிக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் தலதா மாளிகையோடும் ஏரிக்கரையோடும் திரும்பிவிடாமல், ஏதேனுமொரு கைவினைச் சிற்றூரில் ஒரு பகலேனும் தங்கி, தொழில் செய்வோரிடம் பெயரும் முறையும் கேட்டறியச் செய்வார்களாயின், அதுவே அவருக்குச் செய்யும் நன்றி.